தொட்டி என்று சொல்லி ஏற்றிய படகு

போகிப் பண்டிகை காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டி பஸ் நிலையத்தில், கடம்பூர் போகும் பஸ்ஸின் பின்பக்க ஏணியருகே நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் பச்சரிசி, வெல்லம், தேங்காய் போட்ட பை. இன்னொரு கையில் மஞ்சள் குலையும் கரும்புக் கட்டும். தங்கைக்குப் பொங்கல் சீர். இதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் தரையில் கிடந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

கண்டக்டர் இறங்கி வந்து அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பதில் ஒன்று இருந்தது. ஆனால் படகையே பார்க்காத ஊரில், ஒரு பஸ் நிறைய ஆட்கள் முன்னால், 'படகு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாட்டுத் தொட்டி" என்றேன்.

"தொட்டிக்கு எதுக்கு மூக்கு கூரா இருக்கு?"

"அது... மூலையில வைக்கது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கட்டிலுக்கு உண்டான சார்ஜே போதும் என்று இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார். என் டிக்கெட் தொண்ணூறு பைசா. இரண்டு பேர் கை கொடுக்க, படகு பஸ் கூரைமேல் கோழிக் கூண்டுகளுக்கு நடுவே ஏறியது. துடுப்பைக் கரும்புக் கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

நான் தீப்பெட்டி ஆபீஸில் தச்சு வேலை செய்கிறவன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். குச்சி அடுக்கும் சட்டங்கள் உடைந்தால் சரி செய்வது என் வேலை. படித்தது ஐந்தாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் ஒருவன் படகில் உட்கார்ந்து துடுப்பு போடும் படம் ஒன்று இருந்தது. அவன் எங்கேயும் அவசரமாகப் போகிறவனாகத் தெரியவில்லை. அந்தப் படம் எனக்கு மறக்கவே இல்லை.

பிறகு ஒரு தடவை தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தை முழம் போட்டு அளந்துகொண்டு வந்தேன். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒன்று செய்வது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். தீக்குச்சி சீவ உதவாது என்று ஒதுக்கிய மட்டி மரத் தடிகளை விறகு விலைக்கு வாங்கி அறுத்தேன். மட்டி லேசான மரம். தண்ணீரும் குடிக்கும், சீக்கிரம் இற்றும் போகும். எனக்குக் கட்டுபடியானது அதுதான். பலகைச் சந்துகளில் கருங்கண்ணிப் பருத்திப் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினேன். வெளிப்புறம் மட்டும் தார் பூசினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்ததால் இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் மழை இல்லை. படகு வீட்டுச் சுவரோரம் சாய்ந்து நின்றது. என் மனைவி அதன்மேல் வற்றல் காயப்போட்டாள்.

இந்த வருடம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஊற்றித் தள்ளிவிட்டது. தங்கை கோமதியின் ஊரான கீழ ஆவாரம்பட்டியில் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகால் போகிறது என்று செய்தி வந்தது. கரிசல்காட்டுக் கண்மாய் எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை நிறையும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிறைந்தாலும் பங்குனி தாண்டாது. அடுத்த தடவை நிறையும்போது மட்டிப் பலகை இற்றுப் போயிருக்கும். இந்தப் பொங்கல் லீவை விட்டால் எனக்கும் அந்தப் படகுக்கும் வேறு வழி இல்லை.

கோவில்பட்டியிலிருந்து கடம்பூர் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ரோட்டின் இரண்டு பக்கமும் பருத்தி பூத்திருந்தது. சோளம் கதிர் வாங்கி நின்றது. மல்லிச் செடி வாசனை ஜன்னல் வழியாக வந்தது. நான் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடம்பூரில் இறங்கியதும் தங்கைக்குப் போளி வாங்கினேன். தங்கை புருசன் கருப்பசாமி வண்டி கட்டிக்கொண்டு வந்து காத்திருந்தார். படகைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன மச்சான், உம்ம தங்கச்சியை இதுல வச்சு ஊரை விட்டே அனுப்பப் போறீரா?"

"சும்மா கண்மாயில விட்டுப் பாக்கலாம்னு மாப்ளே."

"விடும் விடும். பாதி வழியில முங்கிச்சுன்னா கத்தும். கரையில நின்னு நான் கேட்டுக்கிடுதேன்."

கடம்பூரிலிருந்து ஊருக்கு வண்டிப்பாதை. மழை நின்று ஒரு மாதம் ஆகியும் பள்ளங்களில் ஈரம் காயவில்லை. கரிசல் மண் சக்கரத்தில் அப்பி அப்பி, சக்கரம் இரண்டு மடங்கு பருத்துப்போனது. நான்கு இடங்களில் இறங்கி, குச்சியால் மண்ணைச் சுரண்டிவிட்டுத்தான் போனோம். என் இடது கால் செருப்பு ஓர் இடத்தில் மண்ணோடு போய்விட்டது. ஊர் வந்து சேரும்போது மதியம் தாண்டிவிட்டது.

தெருவில் வண்டி நுழைந்தவுடன் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். கோமதி ஓடி வந்து கரும்பை வாங்கிக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரி ஒருத்தி, "கோமதி, ஒங்க அண்ணன் பொங்கச் சீருக்கு மாட்டுத் தொட்டியா கொண்டாந்திருக்காக?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணன் கொண்டாந்தா அதுல ஒரு வேலைப்பாடு இருக்கும். ஒங்க அண்ணன் போன வருசம் வெறும் கைய வீசிக்கிட்டு வந்தாகளே, அதை விடவா?" என்றாள் கோமதி. தெருவே சிரித்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே கண்மாய்க்குப் போனோம். கரைமேல் ஏறியதும் நான் நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த அந்த இடம் வெடிப்பு விட்ட கறுப்புத் தரை. நடுவில் கருவேல மரங்கள். இப்போது அந்த மரங்கள் இடுப்பு வரை, சில இடங்களில் கழுத்து வரை தண்ணீரில் நின்றன. கொக்குகள் உச்சிகளில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. காற்று இல்லை. தண்ணீர் வானத்தின் நிறத்தில் கிடந்தது.

படித்துறையில் படகை இறக்கினோம். ஒரு கணம் மிதந்தது. பிறகு ஒவ்வொரு சந்திலிருந்தும் தண்ணீர் உள்ளே வந்தது. கோவில்பட்டி வெயிலில் இரண்டு வருடம் காய்ந்த பலகை சுருங்கியிருக்கிறது. வீட்டுச் சுவரோரம் அது எனக்குத் தெரியவில்லை. நான் அள்ளி அள்ளி ஊற்றினேன். படகு மெதுவாகத் தரை தட்டி உட்கார்ந்தது.

கருப்பசாமி இப்போது சிரிக்கவில்லை. குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"மச்சான், வண்டிச் சக்கரம் காஞ்சு இரும்புப் பட்டை கழண்டா நாங்க என்ன செய்வோம்? ராத்திரி தண்ணிக்குள்ள போட்டுருவோம். விடிஞ்சா மரம் ஊதிப் பிடிச்சுக்கிடும். இதுவும் மரம்தானே. கல்லைத் தூக்கி உள்ள வையும். கிடக்கட்டும்."

நான்கு கற்களை வைத்துப் படகைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு வந்தோம். இரண்டு வருடமாகத் தண்ணீர் புகாமல் இருக்கவேண்டுமே என்று செய்ததை, என் கையாலேயே முங்க வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

பொங்கல் அன்று பானை பொங்கி இறங்கிய பிறகு, மதியத்துக்கு மேல் வேலுச்சாமி என்பவர் சைக்கிளில் வந்தார். கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். கெட்ட மனிதர் இல்லை. வாசலில் நின்றே பேசினார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. கண்மாயில மீன் குஞ்சு விட்டிருக்கு. மாசிக் கடைசியிலதான் ஊரு கூடிப் பிடிக்கது. அது வரைக்கும் ஒரு தூண்டி கூட விழக் கூடாதுன்னு ஊருப் பேச்சு. நீங்க படகுல போனா நாளைக்கு ஒவ்வொருத்தனும் அண்டாவைத் தூக்கிக்கிட்டு வருவான்."

"நான் மீன் பிடிக்கப் போகல."

"பின்ன எதுக்குப் போறீய?"

அக்கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மூன்றாம் வகுப்புப் படத்தைப் பற்றி அவரிடம் சொல்ல முடியுமா? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எதுக்குன்னு தெரியாமலா ரெண்டு வருசம் ஒருத்தர் மரத்தைச் செதுக்குவாரு?" என்றார் வேலுச்சாமி. அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். சைக்கிளைத் திருப்பினார். "நாளைக்கு மாட்டுப் பொங்கல். ஊரே கண்மாய்க்கு வரும். அங்கன வச்சுப் பேசிக்கிடுவோம்" என்று போய்விட்டார்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மூன்று மணிக்கெல்லாம் கண்மாய்க் கரை நிறைந்துவிட்டது. காளைகளைத் தண்ணீரில் இறக்கி வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கொம்புக்கு வர்ணம் அடிப்பவர்கள் ஒரு பக்கம், சலங்கை கோப்பவர்கள் ஒரு பக்கம். நானும் கருப்பசாமியும் கற்களை எடுத்துவிட்டுப் படகை ஒரு பக்கமாகச் சரித்தோம். உள்ளே இருந்த தண்ணீர் கொட்டியது. திரும்ப வைத்தோம். சந்துகள் மூடியிருந்தன. மூக்குப் பக்கம் மட்டும் ஒரு நூல் கசிவு. நான் பலகையைத் தடவிப் பார்த்தேன். மரம் உயிர் வந்ததுபோல் இருந்தது.

"ஏலே, தொட்டி மிதக்குதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் நெருங்கி வந்தது. வேலுச்சாமியும் வந்தார்.

"ரெண்டு பெரியாளுகளோட கலந்து பேசிட்டேன். போகலாம். ஆனா ஊர்க்காரவுக ஒருத்தர் கூட உக்காந்து போகணும். மீன்ல கை வைக்கலேன்னு அவுக வந்து சொன்னாப் போதும். யாரு போறிய?"

ஜல்லிக்கட்டில் கொம்பு சீவிய காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குகிறவர் ஒருவர் முன்வரிசையில் நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எனக்கு மாட்டுக்கு வர்ணம் காயல" என்றார் அவர்.

"கிணத்துல குதிக்கியே, இதுக்கு என்ன பயம்?"

"கிணத்துக்குச் செவரு இருக்குலே. பிடிச்சுக்கிடலாம். இதுல எதைப் பிடிக்க?"

கருப்பசாமியைத் தள்ளினார்கள். "எனக்கு நேத்திருந்து காது குத்துது. தண்ணிக் காத்து ஆகாது" என்று அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். வேலுச்சாமியே போகலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, அவர் தன் சைக்கிளின் டயரைக் குனிந்து பார்த்தார்.

நான் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன். படகு தயார். தண்ணீர் தயார். உட்கார ஓர் ஆள் இல்லை. மறுநாள் காலை நான் ஊருக்குப் போகவேண்டும்.

"நான் உக்காருதேன்."

கோமதி. மாட்டுக்குப் போட மாலையைக் கையில் வைத்திருந்தாள்.

"ஏட்டி, நீ எதுக்கு?" என்றார் கருப்பசாமி.

"சும்மாத்தான்."

"பொம்பளையா..." என்று வேலுச்சாமி இழுத்தார். "ஊர்க்காரவுகன்னு சொன்னேன். நீ வாக்கப்பட்டு வந்தவ. அதோட அவரு ஒனக்கு அண்ணன் வேற."

கோமதி மாலையைப் புருசன் கையில் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"பதினெட்டு வருசமா இந்தக் கண்மாய்த் தண்ணியக் குடிச்சிருக்கேன். இந்தக் கண்மாய் முள்ளை வெட்டி எரிச்சிருக்கேன். பிள்ளை ரெண்டு பெத்திருக்கேன். நான் ஊர்க்காரி இல்லேன்னா, எந்த ஊர்க்காரின்னு சொல்லுங்க அண்ணாச்சி. அங்கனயே போயிருதேன்."

பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. வேலுச்சாமி கையை விரித்தார். "தாயே, நீயே போயிட்டு வா."

நான் படகைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி முன்பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஓரப் பலகைகளைப் பற்றினாள். நான் பின்னால் ஏறினேன். படகு ஆடியது, கூட்டம் "ஏய்" என்றது, பிறகு ஆட்டம் நின்றது. துடுப்பைப் போட்டேன். முதல் இழுப்பில் படகு திரும்பி ஊரையே பார்த்து நின்றது. சிரித்தார்கள். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று மாற்றிப் போடவேண்டும் என்பது மூன்றாவது இழுப்பில் தெரிந்தது. அதன் பிறகு போனது.

கரைச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. கோமதி படகுக்குள் நான் போட்டிருந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக் கசிந்த தண்ணீரை அள்ளத் தொடங்கினாள். கைப்பிடி அளவு கூட இல்லை. அள்ளி முடித்தாள். சேலை முந்தானையால் பலகையைத் துடைத்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"ஏண்ணே, இதுல உக்காந்துக்கிட்டு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே."

அவள் கைகளை மடியில் வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். கடைசியில் ஒரு கையைத் தண்ணீரில் விட்டாள். விரல்களுக்குப் பின்னால் நான்கு கோடுகள் ஓடி வந்தன.

"கோமதி மதினி! மீன் பிடிக்காகளான்னு பாத்துக்கிடுங்க!" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"திமிங்கலம் ஒண்ணு பிடிச்சிட்டாக! கொழம்பு வைக்க அண்டா கொண்டா!" என்று இவள் திருப்பிக் கத்தினாள். கொக்குகள் ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தன.

கருவேல மரங்களுக்கு நடுவே போனோம். ஒரு மரத்தின் அருகே வந்ததும் கோமதி, "நில்லுண்ணே, நில்லு" என்றாள். துடுப்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்து நிறுத்தினேன். மரத்தின் உச்சிக் கிளை அவள் தோளுக்கு நேராக இருந்தது. அதில் ஒரு பழைய முறிவு.

"இந்த மரந்தான். போன கோடையில அடிக் கிளையை வெட்டினேன். மேல ஒரு நல்ல கெளை இருக்கேன்னு கயித்துல கல்லுக் கட்டி எறிஞ்சு எறிஞ்சு இழுத்தேன், கைக்கு வரவே இல்ல. பாதிதான் முறிஞ்சுது." அவள் அந்தக் கிளையைத் தொட்டாள். அதில் ஒரு கூடு இருந்தது; மூன்று முட்டைகள். "நல்ல வேளை" என்றாள். "போவோம்."

கண்மாய் நடுவில் துடுப்பை மடியில் வைத்துவிட்டேன். படகு தானாக நின்றது. கோமதி திரும்பி உட்கார்ந்து ஊரைப் பார்த்தாள். கரை, பனை மரங்கள், அதன் மேலே ஓட்டுக் கூரைகள், ஒரு கோயில் கோபுரம்.

"அதுவா நம்ம வீடு?" என்று கேட்டாள்.

"வேப்ப மரம் தெரியுதுல்லா, அதுக்கு அங்கிட்டு."

"இம்புட்டுக்கானு சின்னதா இருக்கு" என்றாள். "அதுக்குள்ளயா காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டே கிடக்கேன்?"

வருத்தமாகச் சொன்னதுபோல் இல்லை. எதையோ அளந்து பார்த்துவிட்டுச் சொன்னதுபோல் இருந்தது. கரையில் சலங்கை கட்டிய மாடுகள் கிளம்பும் சத்தம் வந்தது. திருப்பட்டுமா என்று கேட்டேன்.

"இன்னொரு சுத்து" என்றாள்.

இரண்டாவது சுற்றும் போனோம். கரைக்கு வந்ததும் கோமதி இறங்கி, "மீனு அத்தனையும் எண்ணிட்டேன் அண்ணாச்சி. ஒண்ணும் கொறையல" என்று வேலுச்சாமியிடம் சொல்லிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு மாட்டைத் தேடிப் போனாள். வேலுச்சாமி கூட்டம் கலையும்வரை நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மறுகால் பக்கம் மீனு ஏறுதான்னு நானும் ஒரு தடவை பாத்துக்கிட்டா நல்லது" என்றார். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மறுகால் பக்கம் திரும்பவே இல்லை. வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் கருப்பசாமியும் நானும் படகை வண்டியில் ஏற்றப் பார்த்தோம். முன்பு இரண்டு பேர் தூக்கியது, இப்போது தெருவில் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டும் அசையவில்லை. தண்ணீர் குடித்த மரம். கொண்டுபோய் வெயிலில் வைத்தால் திரும்பவும் சுருங்கி வெடிக்கும். இங்கேயே தண்ணீரில் கிடக்கட்டும் என்றேன்.

"அப்பம் இது சீருதான்" என்றார் கருப்பசாமி. "மாட்டுத் தொட்டி வந்து சேந்ததுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன் மச்சான். மாத்திச் சொல்ல முடியாது."

கோவில்பட்டி வந்தபோது எங்கள் தெருக் குழாயில் குடங்கள் வரிசையாக நின்றன. அந்த மழை வருடத்திலும் எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். என் மனைவி வரிசையில் நின்றுகொண்டே, "முங்கலையா?" என்று கேட்டாள். "ஒரு தடவை முங்கிச்சு. பிறகு மிதந்துச்சு" என்றேன்.

சித்திரைக் கடைசியில் ஆபீஸ் மூன்று நாள் லீவு விட்டபோது திரும்பவும் கீழ ஆவாரம்பட்டிக்குப் போனேன். கரைமேல் ஏறிப் பார்த்தேன். கண்மாய் வெடித்துக் கிடந்தது. நாங்கள் நின்ற நடு இடத்தில் ஆடுகள் மேய்ந்தன. கருவேல மரங்கள் திரும்பவும் உயரமாகிவிட்டன. படகைத் தேடினேன், இல்லை.

கோமதி வீட்டுப் பின்புறம், வேப்ப மர நிழலில் இருந்தது. மாடு பூட்டி இழுத்து வந்த தடம் தரையில் இன்னும் தெரிந்தது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர். இரண்டு காளைகளும் ஒரு பசுவும் அதில் குடித்துக்கொண்டிருந்தன. துடுப்பு தொழுவத்து உத்தரத்தில் சொருகியிருந்தது. யாரோ எண்ணெய் தடவியிருந்தார்கள்.

கோமதி தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடங்களோடு வந்தாள். ஊர்க் கிணறு வீட்டிலிருந்து நல்ல தூரம். அந்த மாதத்தில் தண்ணீர் அடி ஆழத்தில்தான் கிடக்கும். குடங்களைப் படகுக்குள் கவிழ்த்தாள்.

"மூணு மாட்டுக்கு எதுக்குட்டி இம்புட்டுத் தண்ணி?" என்றேன்.

"மாட்டுக்கு அரைத் தொட்டி போதும்" என்றாள். குனிந்து, தண்ணீர் தொடாமல் இருந்த மேல் பலகையை விரலால் தடவினாள். "இது காஞ்சிரக் கூடாதுல்லாண்ணே."

காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு அவள் திரும்பவும் நடந்தாள். மேல் பலகையில் இன்னும் இரண்டு விரல் உயரம் காய்ந்திருந்தது. தொழுவத்துச் சுவரோரம் ஒரு வாளி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் அவள் பின்னால் கிணற்றுக்குப் போனேன்.